ஊருக்கு ஊர் தேவை வேறு

(லிங்கராஜபுரத்தில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் மொழியைப் பற்றியும் இலக்கியத்தைப் பற்றியும் பேசுவது மரபு. அம்மரபை நான் பெரிதும் மதிக்கிறேன். எனினும் இவ்வாண்டு, நாம் வாழும் இம்மாநிலத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். ஒரே மாநிலத்துக்குள் ஒரு பகுதி மக்கள் முதலில் வேண்டுவது ஒன்றாகவும், மற்றொரு பகுதி மக்கள் முதலில் வேண்டுவது வேறாகவும் இருப்பது ஏன் என்ற பொருளைத் தந்தார்கள். தமிழ் விழாவில் இஃது என்ன வறண்ட பொருள் என்று சிலர் எண்ணக்கூடும். நான் அப்படி எண்ணவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, கர்நாடகத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் 21 லட்சம் பேர். மூன்று தலைமுறை, நான்கு தலைமுறையாக இம்மண்ணில் வாழும் குடும்பங்கள் இந்த அவையிலேயே பல இருக்கின்றன. ஆனால் நம்மில் பெரும்பாலோர் இம்மாநிலத்தில் அறிந்த வழிகள் இரண்டே இரண்டு. ஒன்று, வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும் வழி. மற்றொன்று, பெங்களூரிலிருந்து சொந்த ஊருக்குச் செல்லும் வழி. ராய்ச்சூரும் யாதகிரியும் நமக்கு ரயில் கால அட்டவணையில் காணும் பெயர்களே அன்றி வேறில்லை. வாழும் வீட்டின் மற்ற அறைகளை ஒருமுறையேனும் எட்டிப் பாராதவனை அந்த வீட்டுக்காரன் என்று யார் சொல்வார்?

முதலில் வரலாற்றைச் சற்றே நோக்குவோம். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, ஐந்து ஆட்சிகளின் கீழ்ச் சிதறிக் கிடந்த கன்னடப் பகுதிகள் ஒன்று சேர்ந்தன. பழைய மைசூர் ஒன்று, பம்பாய் மாகாணத்துப் பெல்காம், தார்வார், பிஜாப்பூர், வட கன்னடப் பகுதிகள் ஒன்று, ஹைதராபாத்திலிருந்து வந்த குல்பர்கா, ராய்ச்சூர், பீதர் ஒன்று, சென்னை மாநிலத்தைச் சேர்ந்திருந்த தென் கன்னடம் ஒன்று, குடகு ஒன்று. கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஒரு தாலுகாவாக இருந்த கொள்ளேகால் அன்றைய தினமே மைசூரோடு சேர்ந்தது. பல்லாரியோ அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே, 1953-இல் வந்து சேர்ந்திருந்தது. 1973 வரை மைசூர் மாநிலம் என்று வழங்கிய இது, அவ்வாண்டு நவம்பர் 1 முதல் கர்நாடகம் எனப் பெயர் பெற்றது.

மொழி ஒன்று, ஆனால் வந்து சேர்ந்தவர்கள் கொண்டு வந்த சீர்வரிசை ஒன்றல்ல. பழைய மைசூர் பெரும் சீரோடு வந்தது. 1902-இல் சிவசமுத்திரத்தில் எடுத்த மின்சாரம் கோலார் தங்கவயலுக்குச் சென்றது; 1905-இல் பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது; 1911-இல் கண்ணம்பாடி அணையின் பணி தொடங்கியது; 1916-இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதே காலத்தில் குல்பர்காவும் ராய்ச்சூரும் 1948 செப்டம்பர் வரை நிஜாம் ஆட்சியில் இருந்தன. அங்கே ஆட்சி மொழி உருது. உயர்கல்விக்கும் அம்மொழியே வாயில். கன்னடம் பேசும் உழவனின் மகன் படிக்க வேண்டுமானால், முதலில் வீட்டு மொழியை வாசலில் விட்டுச் செல்ல வேண்டியிருந்தது. ஒருவன் ஐம்பது ஆண்டு முன்னதாகப் புறப்பட்டவன். மற்றவன் அப்போதுதான் செருப்பை மாட்டியவன். இருவரையும் ஒரே கோட்டில் நிறுத்தி, ஒரே வழிச்செலவு கொடுத்து, ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்து சேருங்கள் என்றால் அது நீதியாகுமா?

இதற்கு முன்னரே, நாடு முழுவதற்குமாக ஒரு பெருமுயற்சி தொடங்கியிருந்தது. 1952 அக்டோபர் 2, காந்தியடிகள் பிறந்த நாளில், 55 திட்டப் பகுதிகளில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப் பெற்றது. சாலை, கிணறு, பள்ளி, நல்ல விதை, சுகாதாரம் ஆகிய அனைத்தையும் மக்களின் உழைப்போடும் ஒத்துழைப்போடும் கிராமங்களுக்குக் கொண்டுசெல்வதே அதன் நோக்கம். நோக்கம் உயர்ந்தது. ஆனால் ஐந்தே ஆண்டுகளில், 1957-இல், பல்வந்த்ராய் மேத்தா குழு அத்திட்டத்தை ஆராய்ந்து ஓர் உண்மையை எடுத்துச் சொல்லியது: மக்கள் அதைத் தம்முடைய திட்டமாக ஏற்கவில்லை, அரசின் திட்டமாகவே பார்த்தனர். ஆகவே, மக்களே தேர்ந்தெடுக்கும் ஊராட்சி அமைப்புகளிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்று அக்குழு கூறியது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? கிணறு இருக்கும் ஊருக்கு இன்னொரு கிணறும், பள்ளி இல்லாத ஊருக்கு ஒரு சமுதாயக் கூடமும் கொடுத்தால், கொடுத்தவர் கணக்கு நிறையும். பெற்றவர் வயிறு நிறையாது. எது முதலில் வேண்டும் என்பதை அந்த ஊரே சொல்ல வேண்டும்.

அன்பர்களே! இவ்வுண்மையைக் கர்நாடகத்தில் செயலில் காட்ட முயன்றவர்களுள் அப்துல் நசீர் சாப் அவர்களை நான் குறிப்பிட்டாக வேண்டும். இராமகிருஷ்ண ஹெக்டே முதலமைச்சராக இருந்த காலத்தில் ஊரக வளர்ச்சி அமைச்சராக இருந்தவர் அவர். 1983-ஆம் ஆண்டின் சட்டத்தால் மாவட்டப் பரிஷத்துகளும் மண்டலப் பஞ்சாயத்துகளும் உருவாக வழிசெய்தார். 1987-இல் தேர்தலும் நடந்தது. மகளிருக்கு நான்கில் ஒரு பங்கு இடம் அதில் ஒதுக்கப்பட்டிருந்தது. வறட்சியால் வாடிய கிராமங்களுக்குக் குடிநீர் கிடைக்க ஆழ்குழாய்க் கிணறுகள் தோண்டச் செய்ததால், மக்கள் அவரை ‘நீர் சாப்’ என்றே அன்போடு அழைத்தனர். பட்டம் பல்கலைக்கழகம் தருவது; இத்தகைய பெயர் தாகம் தீர்ந்தவர்கள் தருவது.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று குடிநீர் தந்த ஆழ்குழாய்க் கிணறே பின்னாளில் சில மாவட்டங்களில் வேறு துன்பத்துக்கு வழியாயிற்று. பாசனத்துக்கும் அதையே நம்பி ஆயிரம் அடிக்கும் கீழே தோண்டிய கோலார் மாவட்டத்தில், நீர் வற்றியது மட்டுமன்றி, கிடைத்த நீரில் ஃபுளோரைடும் மிகுந்தது. நேற்றைய நல்ல மருந்து இன்றைக்கும் நல்ல மருந்தாக இருக்கும் என்பதில்லை. தேவை இடத்துக்கு இடம் மாறுவது போலவே காலத்துக்குக் காலமும் மாறுகிறது. ஆகையால் ஒருமுறை கேட்டுவிட்டோம் என்று இருந்துவிடக் கூடாது; மீண்டும் மீண்டும் கேட்க வேண்டும்.

மாநிலத்தின் ஏற்றத்தாழ்வை முறையாக அளந்து பார்க்கும் பணி 2000-ஆம் ஆண்டில் தொடங்கியது. பொருளாதார அறிஞர் டாக்டர் டி. எம். நஞ்சுண்டப்பா அவர்களின் தலைமையில் உயர் அதிகாரக் குழு ஒன்று அமைந்தது. 2002-இல் அக்குழு அறிக்கை தந்தது. அக்குழு செய்த முதல் நற்செயல், மாவட்டத்தை விட்டுத் தாலுகாவை அளவாகக் கொண்டதுதான். மாவட்டச் சராசரி என்பது மிகவும் ஏமாற்றும் ஒன்று. பந்தியில் ஒருவர் இலையில் இரண்டு லட்டும் அடுத்தவர் இலையில் வெறும் உப்பும் இருக்க, ஆளுக்கு ஒரு லட்டு பரிமாறியாயிற்று என்று கணக்கெழுதுவது போன்றது அது.

வேளாண்மை, தொழில், சாலை, மின்சாரம், கல்வி, மருத்துவம் முதலிய துறைகளிலிருந்து 35 குறியீடுகளைக் கொண்டு, அன்றிருந்த 175 தாலுகாக்களையும் அக்குழு அளந்தது. 114 தாலுகாக்கள் பின்தங்கியவை என்று கண்டது. அவற்றுள் 39 மிக மிகப் பின்தங்கியவை, 40 மிகப் பின்தங்கியவை, 35 பின்தங்கியவை. அந்த 39-இல் 21 குல்பர்காக் கோட்டத்தில் இருந்தன. இது பலரும் எதிர்பார்த்ததே. எதிர்பாராதது எதுவென்றால், பெங்களூர்க் கோட்டத்திலும் 11 தாலுகாக்கள் அப்பட்டியலில் இடம்பெற்றதுதான். கனகபுரா, மாகடி, பாவகடா, பாகேபள்ளி ஆகியவை அவற்றுள் சில. விதான சௌதாவிலிருந்து காலையில் புறப்பட்டால் உச்சிவேளைக்குள் போய்ச் சேரக்கூடிய ஊர்கள் இவை! விளக்கின் அடியில்தான் இருள் என்பது வெறும் பழமொழி அன்று.

எட்டு ஆண்டுகளில் 31,000 கோடி ரூபாய் செலவிட வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. அதற்கான சிறப்பு வளர்ச்சித் திட்டம் 2007-08-இல் தொடங்கியது. பின்னர், 2012 டிசம்பரில் நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தைத் திருத்தி 371-ஜெ என்னும் பிரிவைச் சேர்த்தது. அதன்படி ஹைதராபாத் கர்நாடகப் பகுதிக்குத் தனி வளர்ச்சி வாரியமும், அப்பகுதியின் கல்வி நிலையங்களில் அம்மண்ணின் மாணவர்க்கு நூற்றுக்கு 70 இடங்களும் கிடைத்தன. 2019-இல் அப்பகுதிக்குக் கல்யாண கர்நாடகம் என்ற புதுப்பெயரும் வந்தது. எனினும் 2024-இல் பேராசிரியர் எம். கோவிந்த ராவ் தலைமையில் மீண்டும் ஒரு குழுவை அரசு அமைக்க வேண்டியிருந்தது என்றால், பணி முடியவில்லை என்பதுதானே அதன் பொருள்?

நான் வலியுறுத்த விரும்பும் கருத்து இதுவே. அளப்பதற்கு ஒரே கோல் வேண்டும். இல்லாவிட்டால் யார் மேடு, யார் பள்ளம் என்று தெரியாது. ஆனால் அளந்து முடித்த பின், கொடுக்கும் மருந்து ஒன்றாக இருக்கலாகாது. காய்ச்சல்காரனுக்கும் வயிற்றுவலிக்காரனுக்கும் ஒரே கஷாயத்தைச் சம அளவில் ஊற்றிக் கொடுக்கும் வைத்தியன் நடுநிலையாளன் அல்லன், நோயறியாதவன்.

இனி, நான்கைந்து ஊர்களுக்கு உங்களை மனத்தால் அழைத்துச் செல்கிறேன்.

முதலில் யாதகிரி. கிருஷ்ணையும் பீமையும் பாயும் மாவட்டம் அது. 1964-இல் லால் பகதூர் சாஸ்திரி அவர்கள் அடிக்கல் நாட்டிய மேல் கிருஷ்ணைத் திட்டத்தின் கால்வாய் நீர் அங்கே பல வயல்களை நனைக்கிறது. ஆயினும் 2011 கணக்கின்படி அங்கே எழுத்தறிந்தவர் நூற்றுக்கு 52 பேர்தாம். பெண்களில் ஐவருக்கு இருவர் என்ற அளவே. அதே ஆண்டில் தென் கன்னட மாவட்டத்தில் நூற்றுக்கு 88 பேர் எழுத்தறிந்திருந்தனர். யாதகிரியின் நீர் எட்டாத புன்செய் நிலத்துக் குடும்பங்கள், அறுவடை முடிந்ததும் பெங்களூருக்கும் புனேவுக்கும் மும்பைக்கும் கட்டட வேலை தேடிப் புறப்படுகின்றன; பிள்ளைகளும் கூடவே செல்கின்றனர். அங்கே பள்ளிக் கட்டடம் ஒன்று கட்டி, திறப்பு விழா நடத்தி, பெயர்ப் பலகை மாட்டினால் போதுமா? பெற்றோர் ஊரில் இல்லாத அந்த ஐந்தாறு மாதங்களில் பிள்ளை தங்கிப் படிக்க ஒரு விடுதி வேண்டும். அதுவே அங்கே முதல் தேவை.

அடுத்து மலைநாடு. சிருங்கேரி, ஆகும்பே, சுள்ளியா போன்ற பகுதிகளில் மழைக்குக் குறைவில்லை. எழுத்தறிவுக்கும் குறைவில்லை. ஆனால் நான்கு மாத மழைக்காலத்தில் ஓடைகள் பெருக்கெடுத்தால், மறுகரைக் குடியிருப்பு தீவாகிவிடும். பிள்ளை பள்ளிக்குப் போக முடியாது. பிள்ளைத்தாய்ச்சி மருத்துவமனைக்குப் போக முடியாது. கமுக மரத்தைப் போட்டு அதன்மேல் நடப்பார்கள். அங்கே முதல் தேவை நடைபாலம். சுள்ளியாவைச் சேர்ந்த பொறியாளர் கிரீஷ் பாரத்வாஜ் அவர்கள் 1989-இல் பயஸ்வினி ஆற்றின்மேல் குறைந்த செலவில் ஒரு தொங்கு நடைபாலத்தை அமைத்தார். பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட பாலங்களை அவ்வாறே அமைத்தார். 2017-இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. நான்கு வழிச் சாலை தர இயலாத நன்மையை நான்கடி அகலப் பாலம் தந்தது.

மூன்றாவது, கடற்கரை. மங்களூரும் உடுப்பியும் பெரிய அணைகளால் வளரவில்லை. அங்கே மக்களின் தேவை கடனும் சேமிப்பும் என்பதை அந்த ஊர்ப் பெரியவர்களே கண்டனர். 1906-இல் மங்களூரில் கனரா வங்கி பிறந்தது. 1925-இல் உடுப்பியில் தோன்றிய சிண்டிகேட் வங்கி, 1928 முதல் வீடு வீடாக ஆள் அனுப்பி அணாக்கணக்கில் சேமிப்பைத் திரட்டியது. பிக்மி சேமிப்பு என்று அதற்குப் பெயர். டி. எம். ஏ. பை போன்றோர் வங்கியிலிருந்து கல்லூரிக்குப் பாதை போட்டனர். 2020-இல் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடு இணைந்துவிட்டது. ஆனால் அது கற்பித்த பாடம் மறையவில்லை. தன் தேவையைத் தானே அறிந்த ஊர், பிறர் வந்து வளர்க்கும்வரை காத்திருப்பதில்லை.

நான்காவது, பாவகடா. தும்கூர் மாவட்டத்தின் வறண்ட மூலை. மழை பொய்த்துப் பொய்த்து உழவர் ஊரை விட்டு வெளியேறிய இடம். அங்கே வெயிலுக்கு மட்டும் பஞ்சமில்லை. அந்த வெயிலையே விளைச்சலாக்கி, ஏறத்தாழ 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சூரிய மின்பூங்கா அமைத்தனர். 2019 இறுதியில் பணி முழுமை பெற்றது. நிலத்தை விலைக்கு வாங்காமல், ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் என்று குத்தகைக்கு எடுத்தனர். நிலமுடையோர்க்கு இது பெரும் ஆறுதல். ஆனால் நிலமே இல்லாமல் பிறர் வயலில் கூலி செய்தவர்க்கும், ஆடு மேய்த்தவர்க்கும் குத்தகை யார் தருவார்? ஒரே ஊருக்குள்ளும் தேவை ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஐந்தாவதாக, நம் உள்ளத்துக்கு மிக நெருங்கிய கோலார் தங்கவயல். நம்மவர் பாறையைக் குடைந்து பொன் எடுத்துக் கொடுத்த பூமி. 2001 பிப்ரவரி 28 அன்று அச்சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் அந்த ஊரின் ஆண்களும் பெண்களும் விடியுமுன் எழுந்து, மாரிக்குப்பத்திலிருந்து ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து இரவில் திரும்புகின்றனர். நம் பகுதிக்கு அருகிலுள்ள பெங்களூர் கிழக்கு நிலையத்தின் வழியாகத்தான் அந்த ரயில்கள் தினமும் செல்கின்றன. அவ்வூருக்குப் புதிய பூங்கா வேண்டாம். அலங்கார வளைவு வேண்டாம். ஊரிலேயே வேலை வேண்டும். சுரங்கக் கழிவு மண்மேடுகளிலிருந்து காற்றில் பறக்கும் தூசுக்குத் தீர்வு வேண்டும். குடிக்க நல்ல நீர் வேண்டும்.

நீர் என்றதும் பேச்சு நம் நகரத்துக்கே வந்துவிடுகிறது. பெங்களூருக்குக் காவிரி நீர் 1974-இல் வந்தது. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, பெரும் மின்செலவில் மேடேற்றிக் கொண்டுவரப்படும் நீர் அது. 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டமும் தொடங்கியது; நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாகத் தரும் திட்டம். அதே ஆண்டின் கோடையில் தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்த நாட்களை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். நீர் இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்று நகரம் சில வாரங்களே அறிந்தது. கோலாரும் சிக்கபள்ளாபூரும் அதைப் பல்லாண்டுகளாக அறிந்திருக்கின்றன. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு அவற்றுக்கு இல்லை.

நாம் பயன்படுத்திக் கழித்த நீர் எங்கே போகிறது என்று என்றேனும் எண்ணிப் பார்த்தோமா? இந்நகரத்தின் கோரமங்கல-செல்லகட்டப் பள்ளத்தாக்கில் சேரும் கழிவுநீரைச் சுத்திகரித்து, நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் அளவில் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு அனுப்பும் திட்டம் 2018-இல் தொடங்கியது. ஹெப்பால்-நாகவாரப் பள்ளத்தாக்கின் நீரை இதேபோல் சிக்கபள்ளாபூருக்கு அனுப்புகின்றனர். வற்றிக் கிடந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகளை நிரப்பி நிலத்தடி நீரை உயர்த்துவதே நோக்கம். ஏரிகள் நிரம்பின, கிணறுகளில் நீர் ஏறியது. உழவர் மகிழ்ந்தனர். ஆனால் இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு போதாது, மூன்றாம் நிலையும் வேண்டும் என்று அம்மக்கள் கேட்டு வருகின்றனர். அவர்கள் கேட்பது நியாயம் அன்றோ? நாம் காவிரியைக் குடித்துவிட்டு அனுப்பும் நீரில் அவர்கள் காய்கறி பயிரிடுகின்றனர்; அக்காய்கறி மீண்டும் நம் சந்தைக்கே வருகிறது. நாம் சாக்கடையில் ஊற்றும் எண்ணெயும் ரசாயனமும் வேறோர் ஊரின் ஏரிக்குச் செல்கின்றன என்பதை அறிந்தால், ஊற்றும் கை சற்றுத் தயங்கும்.

இதே பாறை, இதே ஃபுளோரைடு, எல்லைக்கு அப்பால் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் உண்டு. அங்கே 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பெற்றது. நம்மில் பலருக்கு அவையே பூர்வீக மாவட்டங்கள். பல்லில் கறையும் எலும்பில் வலியும் தமிழ் பேசும் கிழவிக்கும் கன்னடம் பேசும் கிழவிக்கும் ஒன்றுபோலவே வருகின்றன. 1991-இலும் 2016-இலும் காவிரியின் பெயரால் இந்நகரில் நேர்ந்த கொடுமைகளை நாம் மறக்கவில்லை. அவற்றை நினைவில் வைத்துக்கொண்டேதான் சொல்கிறேன்: அண்டை வீட்டாரின் தாகத்தை அறியாத வரையில் நம் தாகத்தை அவர்களுக்கு உணர்த்த முடியாது.

பெரியோர்களே! இனி நம் சங்கத்தின் கடமைக்கு வருகிறேன். இன்று இங்கே அதைத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இம்மலரில் விளம்பரம் தந்த வணிகப் பெருமக்களின் உதவியால் நம் சங்கத்தின் கல்வி நிதிக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை சேர்கிறது. அதனை நம் உறுப்பினர் பிள்ளைகளுக்குப் பரிசாகவும் புத்தகமாகவும் வழங்கி வருகிறோம். நல்ல செயல்தான். ஆனால் நம் வீதிகளைச் சுற்றி எழும் அடுக்கு மாளிகைகளின் அருகே நீலத் தகரக் கொட்டகைகள் இருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவற்றில் வாழ்வோர் பலர் யாதகிரி, ராய்ச்சூர், கலபுரகி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். மாநிலத்தின் பின்தங்கிய தாலுகா என்று அறிக்கையில் படித்தோமே, அது நடந்து வந்து நம் தெருமுனையில் குடியிருக்கிறது.

“நம்மவர்க்கே இன்னும் எத்தனையோ குறை இருக்க, பிறர்க்கு ஏன்?” என்று ஒரு கேள்வி எழும். அதனை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. நம் நிதி சிறியது. நம் தெருக்களிலும் வாடகை கொடுக்க இயலாத தமிழ்க் குடும்பங்கள் உண்டு. ஆனால் நம் முன்னோர் இவ்வூருக்கு எப்படி வந்தனர் என்று எண்ணிப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தண்டு அமைந்தபோது, படையோடும் படைக்குப் பணி செய்தும், கல் சுமந்தும், வண்டி ஓட்டியும், கடை வைத்தும் வந்தவர்கள் அவர்கள். லிங்கராஜபுரம் அந்தத் தண்டின் விளிம்பில் இருந்த சிற்றூர். கொட்டகையில் தொடங்கி ஓட்டு வீட்டுக்கும், ஓட்டு வீட்டிலிருந்து மாடி வீட்டுக்கும் நாம் வந்தோம். இன்று அந்தக் கொட்டகையில் இருப்பவர் மொழி வேறு. அவர் நிற்கும் படி, நம் பாட்டனார் நின்ற அதே படி.

ஆகவே மூன்று வேண்டுகோள்களைச் சங்கத்தின் முன் பணிவோடு வைக்கிறேன்.

முதலாவது, கல்வி நிதியில் ஒரு பங்கை, மொழி பாராமல், நம் பகுதிக் கட்டடத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஒதுக்குவோம். ஆனால் நாமே முடிவு செய்து புத்தகப் பையை வாங்கிக் கொண்டு போய் நிற்க வேண்டாம். முதலில் அந்தத் தாய்மார்களைக் கேட்போம். ஆண்டின் நடுவில் வந்த பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க உடன் வர ஓர் ஆள் வேண்டும் என்று சொல்லலாம். வேலைக்குப் போகும்போது கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்று சொல்லலாம். அவர்கள் எதை முதலில் சொல்கிறார்களோ அதையே முதலில் செய்வோம்.

இரண்டாவது, கட்டடத் தொழிலாளர் நல வாரியம் என்று ஓர் அமைப்பு இம்மாநிலத்தில் உண்டு. அதில் பதிவு செய்தவர்க்குப் பிள்ளைகளின் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் உதவி கிடைக்கிறது. ஆனால் விண்ணப்பத்தை நிரப்பவும், சான்றிதழ் சேர்க்கவும் தெரியாமல் பலர் வெளியே நிற்கின்றனர். நம் சங்கத்தில் அரசு அலுவலகங்களில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் அவர்கள் ஒரு மேசை போட்டு அமர்ந்தால், அதற்குப் பணம் வேண்டியதில்லை. தங்கவயலிலிருந்து வேலைக்கு வரும் நம் பிள்ளைகளுக்கும் அந்த மேசை பயன்படும்.

மூன்றாவது, கேட்பதற்கு மொழி வேண்டும். யாதகிரித் தாயிடம் அவர் தேவையைக் கேட்க வேண்டுமானால் அவர் மொழியில் கேட்க வேண்டும். சங்கத்தில் தமிழ் வகுப்பு நடத்துவதோடு கன்னட வகுப்பும் நடத்துவோம். அதனால் தமிழ் தேயாது. 2009 ஆகஸ்டில், பதினெட்டு ஆண்டுகள் மூடிக்கிடந்த திருவள்ளுவர் சிலை அல்சூர் ஏரிக்கரையில் திறக்கப்பட்டது. அதே வாரத்தில் கன்னடக் கவிஞர் சர்வஞ்ஞர் சிலை சென்னையில் திறக்கப்பட்டது. சிலைகள் செய்துவிட்டதை மனிதர்கள் செய்ய இன்னும் தயங்க வேண்டுமா?

அன்பர்களே, ஒரு மாநிலம் சமமாக வளர்வது என்றால், எல்லா ஊரும் ஒரே பொருளைப் பெறுவது என்று பொருளன்று. யாதகிரிக்கு விடுதி, மலைநாட்டுக்கு நடைபாலம், தங்கவயலுக்கு வேலை, கோலாருக்குத் தூய நீர், பாவகடாவின் நிலமற்றவர்க்கு ஒரு பிழைப்பு என்று அவரவர்க்கு முதலில் வேண்டியது முதலில் கிடைப்பதே சமம். அதை அரசு செய்ய வேண்டும்; செய்கிறதா என்று நாம் கேட்க வேண்டும். நம் கையெட்டும் தூரத்தில் உள்ளதை நாமே செய்ய வேண்டும். இம்மூன்று வேண்டுகோள்களையும் செயற்குழு அடுத்த கூட்டத்திலேயே எடுத்துக்கொள்ளும் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை மேசைக்கு முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.